அப்பாவும் மகனும் நேராகப் பேசிக்கொள்ள: புதிய அப்பாக்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் வீடுகள் பலவற்றில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வது அம்மா வழியாகத்தான். பள்ளியில் டூர் போகப் பணம் வேண்டுமென்றால், "அம்மா, நீ அப்பாகிட்ட கேளேன்." மகன் இரவு தாமதமாக வந்தால், "உன் பையன்கிட்ட சொல்லி வை." இருவரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். செய்தி மட்டும் அடுப்படி வரை போய்ச் சுற்றிக்கொண்டு வரும்.

இந்த வீடுகளில் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பையனுக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய விழித்திருப்பதும், ஃபீஸ் கட்ட நகையை அடகு வைப்பதும் இதே அப்பாதான். ஆனால் பாசம் இருப்பது வேறு, பேச்சு இருப்பது வேறு. பதினாறு வயதில் அவனுக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு சிக்கல் வரும்போது, பேச்சு இருந்தால்தான் பாசம் உதவிக்கு வரும்.

"தோளுக்கு மிஞ்சினால் தோழன்" என்று நம்மவர்கள் சொல்வார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் பலர் அதை, அவன் வளரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பதினைந்து வருடம் பேசாதவர் திடீரென்று தோளில் கை போட்டால் பையன் நெளிவான். நட்பு தொட்டிலில் இருக்கும்போதே தொடங்க வேண்டும், அதுவும் நடுவில் ஆள் இல்லாமல். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். இப்போதுதான் அப்பா ஆனவர்கள், ஆகப் போகிறவர்கள் முதல் படியிலிருந்து படியுங்கள். பையன் வளர்ந்துவிட்டவர்கள் அவன் வயதுக்கேற்ற இடத்தில் தொடங்கலாம்.

முதல் படி: தாய்வீட்டு மாதங்களைக் கைவிடாதீர்கள்

வளைகாப்பு முடிந்ததும் மனைவி தாய்வீட்டுக்குப் போவதும், குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வருவதும் பல குடும்பங்களில் இன்னும் இருக்கும் வழக்கம். அம்மாவுக்கு ஓய்வும் கவனிப்பும் கிடைக்கும் நல்ல ஏற்பாடு அது. அப்பாவுக்கோ அந்த வீட்டில் விருந்தாளி வேடம். சனிக்கிழமை பஸ் ஏறிப் போவார், காபி வரும், குழந்தையை ஐந்து நிமிடம் மடியில் வைப்பார்கள், அழுததும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். இப்படியே மாதங்கள் ஓடினால், வீடு திரும்பும்போது அம்மா எல்லாம் தெரிந்தவராகவும் அப்பா எதுவும் தெரியாதவராகவும் இருப்பார்கள். இடைவெளி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மாமியாரிடமே கேளுங்கள்: "அத்தை, எப்படித் தூக்கணும்னு எனக்கும் காட்டுங்க." சிரிப்பார்கள். பரவாயில்லை, அடுத்த வாரம் அவர்களே கூப்பிட்டுக் கையில் கொடுப்பார்கள். கழுத்தைத் தாங்கித் தூக்குவது, பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விட வைப்பது, ஈரத் துணி மாற்றுவது, தொட்டிலில் போட்டு ஆட்டுவது. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே ஒரு ஆண் செய்யக்கூடிய வேலைதான்.

சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் மார்பில் குழந்தையைப் போட்டுக்கொள்ளுங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிக் காப்பாற்றத் தொடங்கினார்கள். கங்காரு பராமரிப்பு என்ற பெயரில் இன்று உலகம் முழுக்க அது நடக்கிறது, நம் அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. அதை அப்பாவும் செய்யலாம். உங்கள் குழந்தை குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறந்திருந்தால், "நானும் வைத்துக்கொள்ளலாமா?" என்று நர்ஸிடம் கேளுங்கள். நிறைமாதக் குழந்தைக்கும் இந்த உடல் சூடும் நெஞ்சுத் துடிப்பும் பிடிக்கும்.

பேச்சை அதற்கும் முன்பே தொடங்கலாம். ஆறாம் மாதம் தாண்டியதும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். ஆபீஸில் நடந்ததையோ கிரிக்கெட் ஸ்கோரையோ சொன்னாலும் போதும்.

தடுப்பூசி நாட்களை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தவுடன் போடுவது போக, 6, 10, 14 வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும் ஊசி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் புதன்கிழமைதான் போடுவார்கள். ஊசி குத்தும் நேரத்தில் அவனைப் பிடித்திருக்கும் கை உங்களுடையதாக இருக்கட்டும். மத்திய அரசு ஊழியராக இருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு, குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் எடுக்கலாம். தனியார் நிறுவனங்கள் தந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் சில நிறுவனங்கள் தருகின்றன, ஹெச்.ஆரில் கேட்டுப் பாருங்கள்.

ஆண் குழந்தை என்பதால் இன்னொன்று. இரண்டு விரைகளும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆறு மாதம் ஆகியும் இறங்கவில்லையென்றால் குழந்தைகள் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூச்சத்தில் இதை யாரும் கேட்பதில்லை. மகனின் உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசும் பழக்கத்தை உங்களுக்கு நீங்களே உண்டாக்கிக்கொள்ள இதுதான் முதல் வாய்ப்பு.

இரண்டாம் படி: ஒரு வேலையை முழுதாக உங்களுடையதாக்குங்கள்

மனைவி சொன்னால் செய்து கொடுப்பது உதவி. அது நல்லதுதான், ஆனால் அதில் நெருக்கம் வளராது. தினமும் நடக்கிற ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, யாரும் ஞாபகப்படுத்தாமல் நீங்களே முழுக்கச் செய்யுங்கள். தூங்க வைப்பது, சாயங்காலக் குளியல், காலையில் பள்ளிக்குக் கிளப்புவது, எதுவானாலும் சரி. வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத் திரும்புபவர் காலை நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். பையனுக்கு, "இது அப்பா வேலை" என்று தெரிய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் என்பது நம் பழைய வழக்கம், இப்போது தீபாவளிக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நல்லெண்ணெயை லேசாகச் சூடு பண்ணி, நீங்களும் பையனும் ஜட்டியோடு திண்ணையிலோ பாத்ரூம் வாசலிலோ உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தேய்த்துவிடுங்கள். உங்கள் முதுகை அவன் தன் குட்டிக் கையால் தேய்க்கட்டும். எண்ணெய் ஊற வேண்டிய அந்த அரை மணி நேரத்தில் போனைத் தொட முடியாது, எங்கும் போகவும் முடியாது. அவன் பேசுவான். பத்து வயது வரையாவது இது நடந்தால், தொடுவதில் இருவருக்கும் கூச்சம் வராது. பின்னாளில் தோல்வியோடு வீடு வரும் மகனைக் கட்டிப்பிடிக்க உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும்.

முடி வெட்டும் கடைக்கும் நீங்களே கூட்டிப் போங்கள். அவன் கேட்கிற ஸ்டைலை வெட்டிக்கொள்ள விடுங்கள். முடி வளரும்.

மூன்றாம் படி: "அப்பா வரட்டும்" என்ற மிரட்டலை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்

"இரு, அப்பா வரட்டும், சொல்றேன்." பகல் முழுக்கப் பையனைச் சமாளித்துக் களைத்துப்போன அம்மாவின் வாயில் இது வந்துவிடுவது இயல்பு. ஆனால் இதைக் கேட்டு வளரும் பையனுக்கு, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் வயிற்றைக் கலக்கும். மாலையில் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டியவன், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பான்.

இதை மனைவியோடு தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள். பகலில் நடந்ததைப் பகலிலேயே, நடந்த இடத்திலேயே அம்மா முடித்துவிட வேண்டும். நீங்கள் வந்ததும் பழைய வழக்கு எதுவும் எடுக்கக் கூடாது. பதிலுக்கு நீங்களும், "உன் பையன் என்ன பண்ணியிருக்கான் பாரு" என்று மனைவியிடம் சொல்வதை விட்டுவிட வேண்டும். அவனிடம் சொல்ல வேண்டியதை அவனிடமே சொல்லுங்கள். அவன் அம்மா வழியாக ஏதாவது கேட்டனுப்பினால், கோபப்படாமல், "அதை நீயே எங்கிட்ட கேளு கண்ணா" என்று கூப்பிடுங்கள். நேராக வந்து கேட்டால் பாதியாவது கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நேரில் கேட்டால் திட்டு, அம்மா சொன்னால் பணம் என்று வைத்திருந்தால் அவன் ஏன் உங்களிடம் வருவான்?

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் பத்து நிமிடம் முக்கியம். ஹோம்வொர்க் முடிச்சியா, ஏன் டிவி ஓடுது என்று ஆரம்பிக்காதீர்கள். கை கால் கழுவிவிட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். அவன் என்ன செய்துகொண்டிருக்கிறானோ அதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அவ்வளவு போதும்.

நான்காம் படி: பக்கத்தில் இருந்துகொண்டு பேசுங்கள்

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" "ஒண்ணுமில்ல." எல்லா வீட்டிலும் இதே பதில்தான். கேள்வி பெரியதாக இருப்பதால் பதில் சிறியதாகிறது. "இன்னைக்கு யார் டிபன் பாக்ஸ்ல நல்ல சாப்பாடு?", "பி.டி. பீரியட்ல என்ன விளையாடினீங்க?", "இன்னைக்கு யார் அடி வாங்கினது?" என்று கேளுங்கள். அவன் நண்பர்கள் நான்கு பேரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு, நேற்றுச் சொன்ன கதையின் மிச்சத்தை இன்று கேளுங்கள். அப்பா தான் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார் என்று அவனுக்குத் தெரிவதைப்போல் வேறெதுவும் அவனைப் பேச வைக்காது.

எதிரே உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்துப் பேசினால் பையன்களுக்கு அது விசாரணை. பக்கத்தில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது தானாகச் சொல்வார்கள். வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். அதனால் பள்ளிக்குக் கொண்டுவிடுவதை வேனிடம் முழுக்க விட்டுவிடாமல், வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது நீங்கள் கொண்டுவிடுங்கள். அப்படியே ஹெல்மெட்டும் வாங்கிவிடுங்கள். நான்கு வயது தாண்டியவர்கள் எல்லோருக்கும் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைக்கும் ஹெல்மெட்டோடு, உங்களோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

சேர்ந்து செய்ய வேலையா இல்லை! சைக்கிள் செயின் கழன்றால் மாட்டுவது, பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடிப்பது, ரேஷன் கடை வரிசை, உழவர் சந்தையில் காய் பொறுக்குவது, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை, வெங்காயம் உரிப்பது, தோசை ஊற்றுவது. சமையலை விட்டுவிடாதீர்கள். அப்பா அடுப்படியில் நிற்பதைப் பார்த்து வளரும் பையன், நாளை தன் வீட்டிலும் நிற்பான்.

நீச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிராமத்தில் அப்பாவோ மாமாவோ பையனின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையையோ காலி பிளாஸ்டிக் கேனையோ கட்டி, இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள். அந்தக் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்பது பையனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. நகரத்தில் இருந்தால் நீச்சல்குளத்துக்குக் கூட்டிப் போங்கள். பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தாலும் நீங்களும் தண்ணீரில் இறங்குங்கள். உங்களுக்கும் நீச்சல் தெரியாதென்றால் இன்னும் நல்லது, சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். அப்பா மூச்சுத் திணறி எழுவதைப் பையன் பார்க்கட்டும். கோடை விடுமுறை தோறும் நம் ஊர்களில் ஏரியிலும் குவாரிக் குட்டையிலும் பையன்கள் மூழ்கிச் சாகிறார்கள், பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியாமல் போனவர்கள். நீந்தக் கற்றுக்கொடுங்கள், கற்றுக்கொண்டவனும் தனியாக இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.

ஐந்தாம் படி: கோபம், அடி, அழுகை

"அடியாத மாடு படியாது" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அடி வாங்கிய பையன் படிவதுபோல் தெரியும். அவன் கற்றுக்கொள்வது, அடுத்த முறை அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்பதைத்தான். பள்ளியில் ஆசிரியர் அடிப்பதையே 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. வீட்டில் அடிக்கலாம் என்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? அடிக்காதீர்கள். கை ஓங்கத் தோன்றினால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். தண்டனை வேண்டுமென்றால் தப்புக்குப் பொருத்தமாக இருக்கட்டும். கொட்டியவன் துடைக்கட்டும், உடைத்தவன் ஒட்ட உதவட்டும்.

அடியைவிட ஆழமாகப் போவது நாலு பேர் முன்னால் சொல்லும் சொல். "இவன் எதுக்கும் லாயக்கில்ல", "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு" என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிவிட்டால், கல்யாண மண்டபத்துச் சாப்பாடு முடிவதற்குள் நீங்கள் மறந்துவிடுவீர்கள். அவன் நாற்பது வயதிலும் ஞாபகம் வைத்திருப்பான்.

கத்திவிட்டீர்களா? அன்றைக்கே, தூங்கப் போகும் முன், அவனிடம் போங்கள். "நான் கத்தினது தப்பு. உன் மேல இருந்த கோபத்தைவிட ஆபீஸ் கோபம்தான் அதிகம். மன்னிச்சுக்கடா." இதற்குப் பின்னால், "ஆனா நீ ஏன் அப்படிப் பண்ணின?" என்று ஒரு வால் ஒட்டாதீர்கள். நம் ஆட்கள் மன்னிப்புக்குப் பதிலாக ஐஸ்கிரீம் வாங்கி வந்துவிடுவார்கள். ஐஸ்கிரீமும் வாங்குங்கள், சொல்லையும் சொல்லுங்கள். அப்பாவே தப்பை ஒத்துக்கொள்ளும் வீட்டில் பையன் தன் தப்பை மறைக்க மாட்டான்.

"ஆம்பளப் புள்ள அழலாமா?" இதை நீங்களும் சொல்லாதீர்கள், தாத்தா சொன்னாலும் மெதுவாகத் தடுத்துவிடுங்கள். அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுங்கள். உங்கள் அப்பா செத்தபோது நீங்கள் அழுததை அவனிடம் சொல்லுங்கள்.

ஆறாம் படி: உடம்பைப் பற்றிப் பேசுவது

இந்த இடத்தில்தான் பெரும்பாலான அப்பாக்கள் கழன்றுகொள்கிறார்கள். அம்மாவால் முழுதாகச் செய்ய முடியாத வேலையும் இதுதான்.

முதலில் பாதுகாப்பு. நான்கைந்து வயதிலேயே தொடங்க வேண்டும். 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் சுமார் 53 சதவீதம் பேர் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் வீடுகள் பையனை யாரோடும் எங்கும் அனுப்பிவிடுகின்றன. குளிப்பாட்டும்போதே, "இங்க டாக்டரைத் தவிர யாரும் தொடக் கூடாது, அப்போவும் அம்மாவோ அப்பாவோ கூட இருக்கணும். யார் தொட்டாலும், மாமாவா இருந்தாலும், வாத்தியாரா இருந்தாலும், எங்கிட்ட சொல்லணும். உன் மேல கோபமே பட மாட்டேன்" என்று சொல்லிக்கொடுங்கள். அவன் வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். 2012 போக்சோ சட்டம் பையன்களுக்கும் சேர்த்துத்தான். குழந்தைகளுக்கான 1098 எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

அடுத்தது பருவ வயது. பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் ஊரைக் கூட்டிச் சடங்கு நடக்கிறது. பையனுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைப்பதில்லை. 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் பையன்களுக்கு மாற்றம் தொடங்கும். விரைகள் பெரிதாகும், முடி முளைக்கும், குரல் உடையும், முகப்பரு வரும், தூக்கத்தில் விந்து வெளியேறும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், காலையில் ஈர ட்ரவுசரைப் பார்த்து ஏதோ நோய் என்று பயந்துபோவான். அந்தப் பயத்தோடு யாரிடம் போவான்? ராத்திரி டிவியில் "ஸ்வப்ன ஸ்கலிதம், கைப்பழக்கம், நரம்புத் தளர்ச்சி" என்று பயமுறுத்தும் விளம்பரங்களிடம். மாதம் ஒரு ஊர் லாட்ஜில் ரூம் போடும் ஆட்களிடம். ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தம் என்கிற பொய்யை நம்பி, படிக்க முடியாமல், தூங்க முடியாமல் உருகிப்போன பையன்கள் எத்தனையோ பேர். அந்தப் பயத்தைக் காசாக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒரு அப்பா பத்து நிமிடம் பேசியிருந்தால் அந்தத் தொழிலே படுத்துவிடும்.

பத்து, பதினொரு வயதில், நடந்துகொண்டிருக்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ இப்படித் தொடங்கலாம்: "இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல உன் உடம்பு மாறும்டா. எனக்கும் மாறுச்சு. தூங்கும்போது வெள்ளையா ஒண்ணு வரும், பயப்படாத, எல்லாப் பசங்களுக்கும் வரும். உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல." கைப்பழக்கம் பற்றியும், அதனால் கண் குழியாது, நரம்பு தளராது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். அவன் "ஐயே" என்று முகத்தைத் திருப்பினாலும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டு விஷயங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பருவ வயதில் பல பையன்களுக்கு மார்பு லேசாக வீங்கும். கேலிக்குப் பயந்து கூன் போட்டு நடப்பார்கள், பி.டி. பீரியடுக்குப் போக மாட்டார்கள். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே வடிந்துவிடும் என்று சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டாவது அவசரமானது. விரையில் திடீரென்று கடுமையான வலி வந்தால், விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், தாமதமானால் அந்த விரையை இழக்க நேரும். வெட்கத்தில் விடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் பையன்கள் உண்டு. "அங்க வலிச்சா நடுராத்திரின்னாலும் என்னை எழுப்பணும்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஏழாம் படி: மார்க்கும் வண்டியும்

பத்தாவது, பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளுக்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள்: "என்ன வந்தாலும் நேரா வீட்டுக்கு வா. சேர்ந்து பார்ப்போம்." முடிந்தால் அன்றைக்கு லீவு போட்டு அவனோடு இருங்கள். ஃபெயிலானால் ஒரு வருடம் வீணாகாமல் அதே கோடையில் துணைத் தேர்வு எழுதலாம் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். அவன் வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கிப்போனால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், "செத்துடலாம்போல இருக்கு" என்ற மாதிரி ஏதாவது சொன்னால், சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். 14416 டெலிமானஸ், தமிழக அரசின் 104, இரண்டிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

வண்டி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பையன் பத்தாவது முடித்ததும் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துப் பெருமைப்படும் அப்பாக்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். 16 வயதில் லைசென்ஸ் கிடைப்பது கியர் இல்லாத, 50 சிசிக்கு மிகாத வண்டிக்குத்தான். இன்று வீட்டில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, லைசென்ஸ் வயதாகாத பையன் ஓட்டிச் சட்டத்தை மீறினால் பெற்றவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதை அவனிடம் மறைக்காமல் படித்துக் காட்டுங்கள். "மாட்டேன்" என்று மட்டும் சொல்லாமல், "பதினெட்டு முடிஞ்ச அன்னைக்கு நானே ஆர்டிஓ ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போறேன், எட்டு போட நானே மைதானத்துல சொல்லித் தரேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள். காரணத்தோடு சொல்லும் "இல்லை"யைப் பையன்கள் தாங்கிக்கொள்வார்கள்.

எட்டாம் படி: வெளிநாட்டில், வெளியூரில் இருக்கும் அப்பாக்களுக்கு

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், ராணுவத்தில் இருப்பவர்கள் என்று மகன் வளர்வதை போனில் பார்க்கும் அப்பாக்கள் நம்மில் ஏராளம். மனைவியோடு அரை மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில், "பையன்கிட்ட குடு" என்று இரண்டு நிமிடம் கேட்காதீர்கள். அவனுக்கென்று தனி அழைப்பு வேண்டும், அவனுக்குத் தெரிந்த நேரத்தில். இங்கே இரவு 8 மணி என்றால் துபாயில் 6.30, ரியாத்திலும் தோஹாவிலும் 5.30, சிங்கப்பூரில் 10.30. வேலை முடிந்து அறைக்கு வரும் நேரத்தைப் பொறுத்து வாரத்தில் மூன்று நாளாவது குறித்துக்கொள்ளுங்கள். சும்மா பேசப் பையன்களுக்கு வராது. வீடியோவில் சேர்ந்து செஸ் விளையாடுங்கள், அவன் கணக்குப் போடும்போது லைனில் இருங்கள், உங்கள் அறையையும் மெஸ்ஸையும் வேலையிடத்தையும் காட்டுங்கள். அப்பா எப்படி உழைக்கிறார் என்று தெரியாமல் அப்பாவின் பெட்டியை மட்டும் பார்த்து வளரும் பையனுக்கு, அப்பா சாமான் கொண்டுவருபவர் மட்டுமே.

லீவில் வரும்போது முதல் வாரம் எதையும் திருத்தாதீர்கள். நீங்கள் இல்லாதபோது அந்த வீட்டுக்கென்று ஒரு ஒழுங்கு உண்டாகியிருக்கும். அதை முதலில் பாருங்கள். பள்ளி வாசல் வரை போய் அவன் நண்பர்களுக்கு உங்கள் முகத்தைக் காட்டுங்கள்.

ஏற்கெனவே தூரமாகிவிட்டதென்றால்

மகனுக்குப் பதினேழோ இருபதோ ஆகி, வீட்டில் "ம்", "சரி" தவிர ஒன்றும் பேசுவதில்லை என்றால், "வா, மனசு விட்டுப் பேசுவோம்" என்று உட்கார வைக்காதீர்கள். பதறிப்போவான். சின்னதாக ஆரம்பியுங்கள். அவன் டீ குடிக்கும் நேரத்தில் நீங்களும் ஒரு டம்ளரோடு உட்காருங்கள். அவன் பார்க்கிற மேட்சைப் பாருங்கள். அறிவுரை வாய் வரை வரும், அதை அடக்கிக்கொள்வதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. அவன் ஒரு விஷயத்தைச் சொன்னால், தீர்வு சொல்வதற்கு முன், "நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள்.

முன்பு அடித்திருந்தால், நாலு பேர் முன் அவமானப்படுத்தியிருந்தால், அதை நீங்களே எடுத்துப் பேசுங்கள். எது, எப்போது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அவன் உடனே உருகிவிடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். எழுந்து போகலாம், கத்தலாம், பழைய கணக்கெல்லாம் எடுக்கலாம். முழுக்கக் கேளுங்கள். அவன் கோபத்தை உங்களிடமே காட்டுகிறான் என்றால் உங்களோடு பேசத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தம்.

அவன் வேலைக்கு வெளியூர் போயிருந்தால் வாரம் ஒரு நாள் உங்கள் போனிலிருந்து நீங்களே கூப்பிடுங்கள். முதல் சில அழைப்புகள் "சாப்டியா", "சாப்டேன்" என்று ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த வாரமும் கூப்பிடுங்கள். அவனுக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேங்க் ஆப்பை எப்படிப் போடுவது, டிவி பழையதாகிவிட்டது எதை வாங்கலாம், ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது என்ன செய்வது, எதையாவது. அவன் சொன்னபடி செய்துவிட்டு, அது சரியாக வந்ததா இல்லையா என்று அடுத்த வாரம் அவனிடமே சொல்லுங்கள்.